சாயமில்லாமல் நிறம் காட்டும் பாக்டீரியாப் படலம்: மதுரை வெயிலில் வளர்ப்பதற்கான முழு வழிகாட்டி

பாக்டீரியா வளர்த்த தட்டைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "மஞ்சளாகத்தான் இருக்கிறது மேடம், நிறம் வரவில்லை" என்று சொல்லிக் குப்பைக்கு அனுப்பப்பட்ட தட்டுகளில் பாதி நல்ல தட்டுகள். அவற்றை நானே மீட்டுக் கறுப்புத் துணிமேல் வைத்து, ஒரே ஒரு விளக்கைச் சாய்வாகக் காட்டியதும் பச்சையும் செம்பும் ஊதாவும் அலையடித்தன. அதன் பிறகுதான் இந்த வேலையைக் கற்றுத்தரும் வரிசையையே மாற்றினேன். கீழே உள்ளது அந்த மாற்றிய வரிசை. மதுரையில், குளிர்சாதனம் எப்போதும் ஓடாத ஒரு கல்லூரி ஆய்வகத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஒரு செய்தியை மட்டும் முதலில் மனத்தில் பதியுங்கள். இந்தப் பாக்டீரியாக்கள் குச்சி வடிவமானவை. அகலம் அரை மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். அவை தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோணமாக நெருங்கி அடுக்கி நிற்கும்போது, வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்துக்கு, அதாவது 400 முதல் 700 நானோமீட்டருக்கு, ஒத்த அளவில் அமைகிறது. அடுக்கு எந்த அலையைத் திருப்பி அனுப்புகிறதோ, அந்த நிறம் நமக்குத் தெரிகிறது. அடுக்கு கலைந்தால் நிறம் போய்விடும், பாக்டீரியா உயிரோடு இருந்தாலும். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியும் ஒரே கேள்விக்கான பதில்தான்: இது அடுக்கைக் காக்கிறதா, கலைக்கிறதா?

1. வளர்ப்பதற்கு முன் பார்க்கும் இடத்தை அமையுங்கள்

இதை முதல் படியாக வைத்திருப்பதைப் பார்த்துப் பலர் வியப்பார்கள். பார்க்கத் தெரியாமல் வளர்த்தால், வளர்ந்ததா இல்லையா என்றே தெரியாமல் வளர்ப்பு ஊடகத்தையும் (பாக்டீரியாவுக்கான உணவுக் கலவை) வெப்பநிலையையும் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். ஒரு பருவம் முழுக்க அப்படி வீணாக்கிய குழுவை எனக்குத் தெரியும்.

தேவை மூன்று. மதுரை விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் ஒரு மீட்டர் கறுப்பு வெல்வெட் வாங்குங்கள். பளபளக்கும் சாட்டின் வேண்டாம். சிறிய, ஒற்றைப் புள்ளி விளக்கு ஒன்று. கைப்பேசி டார்ச் போதும். கோணமானி ஒன்று. அறை விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தட்டிலிருந்து ஓரடி தள்ளிச் சாய்வாகப் பிடித்து, எதிர்ப் பக்கத்திலிருந்து பாருங்கள். டியூப்லைட் உதவாது. அதன் ஒளி எல்லாக் கோணங்களிலிருந்தும் விழுவதால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளிறிவிடும்.

பழகுவதற்கு ஒரு மயிலிறகை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கை நகர்த்தாமல் இறகை மட்டும் மெல்லத் திருப்புங்கள். எந்தக் கோணத்தில் நீலம், எந்தக் கோணத்தில் பச்சை என்று குறித்துக்கொள்ளுங்கள். இறகிலும் நிறத்தைத் தருவது நுண்ணிய அடுக்குதான். பட்டுக்கடையில் மயில்கழுத்து நிறப் புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கைப்பழக்கம் ஏற்கெனவே இருக்கும். பத்து நிமிடப் பயிற்சி இது. தவிர்க்க வேண்டாம்.

2. வெப்பநிலையை இரண்டு நாள் அளந்து பாருங்கள்

மதுரையில் நுண்ணுயிரியல் ஆய்வகங்களின் இன்குபேட்டர் (வெப்பநிலையை ஒரே அளவில் வைக்கும் பெட்டி) பெரும்பாலும் 37 டிகிரியில் நிற்கும். மருத்துவ மாதிரிகளுக்கு அதுதான் பொருத்தம் என்பதால் பழக்கமாகிவிட்டது. நமக்கு வேண்டியது 22 முதல் 25 டிகிரி. பழக்க தோஷத்தில் தட்டை 37-இல் வைத்தால் மெல்லிய, கலங்கிய, நிறமற்ற படலம் வரும். பல நேரம் ஒன்றுமே வராது.

ஆகவே குளிர்விக்கும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர் வேண்டும். அதன் முகப்புத் திரையில் காட்டும் எண்ணை நம்பாமல், உள்ளே ஒரு தண்ணீர்க் குவளையில் வெப்பமானியை நிறுத்தி, காலை, பிற்பகல், இரவு என்று இரண்டு நாள் குறியுங்கள். மின்தடை வந்தால் பிற்பகலில் எவ்வளவு ஏறுகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். இன்குபேட்டருக்குள் மூடிய தண்ணீர்ப் புட்டிகள் நாலைந்து நிறுத்திவைத்தால், மின்சாரம் போனாலும் சூடு மெதுவாகத்தான் ஏறும்.

பி.ஓ.டி. இல்லாதவர்கள் மார்கழி, தை மாதங்களில் தொடங்குங்கள். அறையின் நிழலான மூலையில், தெர்மாகோல் பெட்டிக்குள் தட்டுகளை வைத்தால் அந்த இரு மாதங்களும் கைகொடுக்கும். சித்திரைத் திருவிழா நேரத்தில் தொடங்குவதாக இருந்தால், கருவி கிடைக்கும்வரை தள்ளிப்போடுவதே நல்லது.

3. பாக்டீரியாவை எங்கிருந்து பெறுவது

இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, அடையாளம் உறுதியான வகையை நுண்ணுயிர்ச் சேகரிப்பு நிலையத்திலிருந்து பெறுவது. இந்தத் துறையில் அதிகம் ஆராயப்பட்டவை இரண்டு: கடலில் வாழும் செல்லுலோஃபாகா லைட்டிகா, ராட்டர்டாம் துறைமுகப் பகுதியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபிளேவோபாக்டீரியம் ஐ.ஆர்.1. முதலாவதில் சி.இ.சி.டி. 8139 என்ற எண்ணுள்ள வகை பிரான்சின் அட்லாண்டிக் கரையில் ஒரு சிவப்புக் கடல்சாமந்தி (சீ அனிமோன்) உயிரியிலிருந்து எடுக்கப்பட்டது. ஸ்பெயின் நாட்டுச் சேகரிப்பில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுமதி தேவை. துறைத் தலைவர் வழியாகத்தான் நடக்கும், மாதங்கள் ஆகும். முதுகலைத் திட்டப்பணி செய்பவர்கள் பருவத்தின் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, நம் கடலிலேயே தேடுவது. மதுரையிலிருந்து மண்டபம் சுமார் 150 கிலோமீட்டர். காலை ராமேசுவரம் ரயிலில் போய்விட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. அங்கே கால் வைக்கவோ எதையும் எடுக்கவோ கூடாது. கரையில் அலை ஒதுக்கிப் போட்ட பாசித் துண்டுகளே போதும். கஞ்சிப்பாசி, கட்டக்கோரை இரண்டையும் தனித்தனி உறையில் எடுங்கள். புதிதாக ஒதுங்கியவையாக இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்தவை பயன்படாது. பாசி எடுக்கும் பெண்கள் கரையில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். எந்தப் பாசி இன்று காலை ஒதுங்கியது, எது நேற்றையது என்பதைத் தொட்டே சொல்லிவிடுவார்கள்.

அதே இடத்தில் ஐந்து லிட்டர் கடல்நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பாசியை ஐஸ் பெட்டியில் வைக்கும்போது ஐஸ் நேரடியாகப் படாமல் நடுவே ஒரு துண்டை மடித்து வையுங்கள்.

இரண்டாவது வழியில் கிடைப்பது அடையாளம் தெரியாத உயிர். அதை வீட்டில் வளர்க்கக் கூடாது. கையுறை, மூடிய தட்டு, ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் கருவி) ஆகிய மூன்றும் உள்ள ஆய்வகத்தில், பொறுப்பாசிரியரின் கண்காணிப்பில் மட்டுமே செய்யுங்கள். நிறம் உறுதியான பிறகு 16எஸ் மரபணு வரிசையைப் பார்த்து இனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. ஊடகம்: பட்டினி போடுங்கள்

சத்து அதிகமான ஊடகத்தில் பாக்டீரியா குவியலாக வளரும். குவியலில் ஒழுங்கு இராது. சத்துக் குறைவான ஊடகத்தில் அது உணவு தேடி மேற்பரப்பில் வழுக்கிச் செல்லும். மெல்லிய, ஒழுங்கான விரிப்பு கிடைக்கும். இந்த இனங்களுக்குக் கசையிழை (நீந்த உதவும் வால்) கிடையாது. வழுக்கி நகர்வதுதான் அவற்றின் நடை. நகர முடிந்தால்தான் அடுக்க முடியும்.

ஒரு லிட்டர் வடிகட்டிய கடல்நீருக்கு: டிரிப்டோன் 1 கிராம், ஈஸ்ட் சாறு 0.5 கிராம், கால்சியம் குளோரைடு 0.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.5 கிராம், ஊடகத்தை உறையவைக்கும் அகர் 15 கிராம். கால்சியம் குளோரைடை மட்டும் தனிப் புட்டியில் சிறிது காய்ச்சிவடித்த நீரில் கரைத்து, தனியாக ஆட்டோகிளேவ் செய்து, ஊடகம் 50 டிகிரிக்கு ஆறிய பிறகு சேருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சூடேற்றினால் வெள்ளை வண்டல் படியும். அந்த வண்டல் ஒளியைச் சிதறடித்து நிறத்தை மங்கச் செய்யும். ஆட்டோகிளேவ் வழக்கம்போல 121 டிகிரி, 15 நிமிடம்.

அகர் விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு ஒரு சபலம் உண்டு. நம் ஊரைச் சுற்றியே அகர் தயாரிக்கும் சிறு ஆலைகள் இருக்கின்றன. மன்னார் வளைகுடாப் பாசி இங்கேதான் ‘கடல்பாசி’ என்று விற்கும் அகராக மாறுகிறது. மளிகைக் கடையில் இழையாகவே கிடைக்கும். அது உண்பதற்கு நல்லது. தட்டுக்கு ஒத்துவராது. உணவுத்தர அகரின் உறைவுத் திறன் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும்; தெளிவும் குறைவு. இன்று கிடைத்த நிறம் நாளை கிடைக்காவிட்டால் காரணம் அகரா, பாக்டீரியாவா என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். நுண்ணுயிரியல் தர அகரையே வாங்குங்கள். ஒரு திட்டப்பணி முடியும்வரை ஒரே தொகுதி எண்ணைப் பயன்படுத்துங்கள்.

கடல்நீர் கிடைக்காதபோது அயோடின் கலந்த சமையல் உப்பைக் கரைத்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. மெக்னீசியமும் கால்சியமும் பொட்டாசியமும் இருக்கின்றன. மீன்தொட்டிக்கான கடலுப்புப் பொடியை லிட்டருக்கு 35 கிராம் கரைத்தால் நெருங்கி வரும். ஸோபெல் மரைன் அகர் என்ற ஆயத்தப் பொடியும் உதவும். ஆனால் அதில் சத்து அதிகம், விரிப்பு தடிமனாக வரும்.

கறுப்புப் பின்னணிக்காக ஊடகத்தில் நிக்ரோசின் என்ற கறுப்புச் சாயம் சேர்ப்பது வழக்கம். தொடக்கத்தில் அது தேவையில்லை. தட்டின் அடியில் வெல்வெட் போதும். பேனா மையை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். மை கெடாதிருக்கச் சேர்க்கும் மருந்து பாக்டீரியாவையும் கொல்லும்.

5. ஊற்றுவதும் உலர்த்துவதும்

90 மி.மீ. தட்டுக்கு 20 மி.லி. என்று புத்தகங்கள் சொல்லும். நம் ஊர்க் காற்றுக்கு 30 மி.லி. ஊற்றுங்கள். நான்கைந்து நாள் ஈரம் தாங்க வேண்டும் என்றால் தடிமன் வேண்டும். மேசை சமதளமாக இருக்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்த அகரில் ஒரு பக்கம் சீக்கிரம் காயும், அந்தப் பக்கத்து நிறமும் மாறும்.

உலர்த்துவதில்தான் மிக அதிகமாகத் தவறுகள் நடக்கின்றன. அகர் உறைந்தவுடன் மேலே ஒரு நீர்ப்படலம் நிற்கும். அதோடு விதைத்தால் பாக்டீரியா குட்டையில் மிதந்து பரவிவிடும். அதிகம் காய்ந்தால் வழுக்கிச் செல்ல ஈரமே இராது. விதைத்த இடத்திலேயே மஞ்சள் பொட்டாக நின்றுவிடும். லேமினார் அறையில் (வடிகட்டிய காற்று வீசும் பெட்டி) மூடியைத் திறந்து வைத்து, தட்டைச் சாய்த்துப் பாருங்கள். நீர் ஓடக் கூடாது. ஆனால் பரப்பு கண்ணாடிபோல் மின்ன வேண்டும். மழைக்காலத்தில் எங்களுக்கு 20 நிமிடம் ஆகும். பங்குனி வெயிலில் 8 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே கடிகாரத்தைவிடப் பரப்பைப் பாருங்கள். மின்விசிறிக்கு அடியில் ஒருபோதும் உலர்த்தாதீர்கள். தூசியும் பூஞ்சையும் வரும், காய்வதும் சீராக இராது.

6. பாசியிலிருந்து பிரித்தெடுத்தல்

சேகரிப்பு நிலையத்து வகை வைத்திருப்பவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

பாசித் துண்டைக் கிருமிநீக்கிய கடல்நீரில் மூன்று முறை அலசுங்கள். ஒட்டாமல் வந்தவை போய்விடும். நமக்கு வேண்டியவை பரப்பில் ஒட்டி வாழ்பவை. பிறகு ஈரப் பஞ்சுக்குச்சியால் பரப்பைத் தேய்த்து, அதைத் தட்டில் மெல்லக் கோடிழுங்கள். 25 டிகிரியில் ஒரு வாரம்வரை பொறுத்திருங்கள். தினமும் வெல்வெட்டில் வைத்துப் பாருங்கள். தேட வேண்டியது தட்டையாக, ஓரம் ஒழுங்கின்றி விரியும், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் காலனி (பாக்டீரியாத் திரள்). உருண்டு திரண்ட காலனிகளை விட்டுவிடுங்கள். அகரில் பள்ளம் விழுந்தால் அஞ்ச வேண்டாம். கடல் இனங்களில் சில அகரையே கரைத்து உண்ணும்.

பல தட்டுகளில் ஒன்றும் இராது. முதல் பயணத்தில் நாங்கள் வெறுங்கையோடுதான் நின்றோம். ஒரு பாசிக்குக் குறைந்தது பத்துத் தட்டு போடுங்கள்.

7. விதைப்பு: கோடு வேண்டாம், பொட்டு வையுங்கள்

கிடைத்த காலனியைத் தூய்மைப்படுத்தக் கோடிழுப்பது சரி. படலம் வளர்க்கும்போது கோடிழுத்தால் லூப் (விதைக்கும் கம்பி வளையம்) அகரைக் கீறும். கீறல் வழியே பாக்டீரியா ஓடும், அடுக்கு சிதையும். அதற்குப் பதிலாக அகர் இல்லாத அதே ஊடகத்தில் ஓர் இரவு வளர்த்து, நுண்குழாயால் 2 மைக்ரோலிட்டர் எடுத்து, நுனி அகரைத் தொடாமல் ஒரு பொட்டு வையுங்கள். தட்டுக்கு ஒன்று, அதிகம் போனால் மூன்று. பொட்டு உறிஞ்சப்படும்வரை தட்டை அசைக்காதீர்கள்.

காலனியிலிருந்து எடுக்கும்போது நிறம் பளிச்சென்று தெரியும் ஓரத்திலிருந்து எடுங்கள். நடுப்பகுதி முதியது. மீண்டும் மீண்டும் நடுவிலிருந்தே எடுத்து மறுவளர்ப்பு செய்ததில், ஏழெட்டு முறைக்குள் எங்கள் வகை ஒன்று நகர்வதையே நிறுத்திவிட்டது. நிறமும் அதோடு போயிற்று.

8. அடைகாத்தல்

தட்டுகளைக் கவிழ்த்து, அடியில் ஈரப் பஞ்சு வைத்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடுக்கி, 25 டிகிரியில் வையுங்கள். டப்பாவின் மூடியை இறுக்கிவிடாதீர்கள்; இவை காற்று தேவைப்படும் உயிர்கள். ஈரம் நிற்க வேண்டும், மூச்சும் முட்டக் கூடாது.

நல்ல வகையாக இருந்தால் 24 மணி நேரத்திலேயே ஓரத்தில் பச்சை தெரியத் தொடங்கும். 48 மணி நேரத்தில் வளையங்களாகப் பிரியும். அதன் பிறகு நடுப்பகுதி மங்கும்; உணவு தீர்ந்து செல்கள் சிதைவதால் அடுக்கு கலைகிறது. படம் எடுக்க ஏற்ற நேரம் இரண்டாம் நாள். கைப்பேசியில் வெளிச்ச அளவையும் வெண்சமநிலையையும் பூட்டிவிட்டு எடுங்கள்; தானியங்கி முறையில் விட்டால் கேமரா தன் விருப்பப்படி நிறத்தைத் திருத்திவிடும். விளக்கின் கோணத்தையும் கேமராவின் கோணத்தையும் ஒவ்வொரு படத்துக்கும் எழுதுங்கள். கோணம் எழுதாத படத்தை எதனோடும் ஒப்பிட முடியாது.

9. உண்மையான நிறமா என்று சோதியுங்கள்

ஈ.எம்.பி. அகரில் ஈ.கோலை காட்டும் பச்சை உலோக மினுக்கை எல்லா மாணவர்களும் பார்த்திருப்பார்கள். அது ஊடகத்தில் உள்ள சாயங்கள் அமிலத்தில் படிவதால் வருவது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் சில வகைகளும் உலோகப் பளபளப்புக் காட்டும். அது அவை சுரக்கும் பொருள்கள் மேற்பரப்பில் படிவதால் வருவது. இதில் கவனம் மிகத் தேவை, ஏனென்றால் அது நோய் உண்டாக்கும் உயிர். பச்சை நிறம் அகருக்குள் ஊறிப் பரவினாலோ, 37 டிகிரியில் செழித்து வளர்ந்தாலோ, ஒதுக்கி ஆட்டோகிளேவ் செய்துவிடுங்கள். மோந்து பார்க்கத் தட்டைத் திறக்காதீர்கள்.

மூன்று சோதனைகள் செய்கிறோம். தட்டைத் திருப்பும்போது நிறம் மாற வேண்டும். பின்னாலிருந்து ஒளி விட்டால் அந்த நிறம் மறைந்து வெறும் மஞ்சளே தெரிய வேண்டும். கிருமிநீக்கிய குச்சியால் ஓரிடத்தில் கலக்கினால் அந்த இடத்தில் மட்டும் நிறம் அழிய வேண்டும். சாயமாக இருந்தால் கலக்கினாலும் போகாது.

கலக்கிய தட்டை எறிந்துவிடாமல் மறுநாள் பாருங்கள். எங்கள் தட்டுகளில் ஒருநாள் வயதுப் படலம் கீறலை மூடி, நிறத்தையும் மீட்டுக்கொண்டது. நான்கு நாள் பழைய படலத்தில் கீறல் அப்படியே நின்றது. மயிலிறகு தன்னை இப்படிச் சரிசெய்துகொள்ளாது. இந்த வேலையில் எனக்கு ஈடுபாடு வந்ததே இந்த ஒரு காட்சியால்தான்.

10. சூழலுக்கு விடை சொல்லும் படலமாக மாற்றுதல்

படலத்தை அகரிலிருந்து சுரண்டி எடுக்க முடியாது, அடுக்கு போய்விடும். ஆகவே முதலிலிருந்தே எடுக்கக்கூடிய பரப்பில் வளர்க்க வேண்டும். 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள கறுப்புப் பாலிகார்பனேட் வடிதாளை அகர்மேல், குமிழி இல்லாமல், பளபளப்பான பக்கம் மேலாக விரியுங்கள். சத்தும் நீரும் துளை வழியே ஏறும். பாக்டீரியா கீழே இறங்காது. அதன்மேல் பொட்டு வைத்து இரண்டு நாள் வளர்த்தால், இடுக்கியால் தாளோடு தூக்கலாம். வெள்ளை வடிதாள் வேண்டாம்; அது ஒளியைச் சிதறடிக்கும்.

முதலில் ஈரப்பதத்துக்கான விடையைப் பாருங்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காற்றுப்புகாத தெளிந்த டப்பாவின் அடியில், கரையாத உப்பு தங்கி நிற்கும்வரை கரைத்த நிறைவுற்ற கரைசலை ஊற்றினால், உள்ளே காற்றின் ஈரப்பதம் ஒரே அளவில் நிற்கும். 25 டிகிரியில் பொட்டாசியம் சல்பேட் ஏறக்குறைய 97%, பொட்டாசியம் குளோரைடு 84%, சாதாரண உப்பு 75%. கரைசலுக்கு மேலே ஒரு சிறு மேடை வைத்து, தாளை அதன்மேல் வையுங்கள்; கரைசல் தெறிக்கக் கூடாது.

நீர் குறையும்போது செல்களுக்கு இடையிலான தூரம் சுருங்குகிறது. நிறம் சிவப்பிலிருந்து பச்சைக்கும் பச்சையிலிருந்து நீலத்துக்கும் நகர வேண்டும். மேலும் உலர்ந்தால் அடுக்கு இடிந்து நிறம் மங்கும். ஆகவே 97-இலிருந்து தொடங்கிப் படிப்படியாக இறங்குங்கள். நேராக 75-இல் வைத்தவர்கள் நீலத்தைப் பார்ப்பதற்குள் எல்லாம் வெளிறிவிட்டது. தாளை டப்பாவிலிருந்து டப்பாவுக்கு மாற்றும் அந்த அரை நிமிடமும் மதுரை வெயிலில் ஆபத்தானதுதான். மாற்றும் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம், உப்பு அளவு ஆகியவற்றுக்கும் இதே முறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எதையும் மாற்றாத தாள் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். படலம் வயதாவதாலும் நிறம் நகரும் என்பதால், அந்த ஒப்பீட்டுத் தாள் இல்லாத முடிவை நான் ஏற்பதில்லை.

11. சேமிப்பும் அழிப்பும்

நிறம் உறுதியான முதல் வாரத்திலேயே கிளிசரால் சேமிப்புச் செய்துவிடுங்கள். 25% கிளிசரால், மைனஸ் 80 டிகிரி, குறைந்தது ஐந்து குப்பிகள். ஒரு மே மாதத்தில் எங்கள் குளிர்பெட்டி நின்றபோது, பக்கத்துத் துறையில் கொடுத்து வைத்திருந்த இரண்டு குப்பிகள்தான் மிஞ்சின. அதிலிருந்து இப்போதும் இரண்டு இடத்தில் பிரித்து வைக்கிறோம். ஒவ்வொரு புதிய சோதனையையும் குப்பியிலிருந்தே தொடங்குங்கள். தட்டிலிருந்து தட்டுக்கு மூன்று முறைக்குமேல் மாற்ற வேண்டாம்.

முடிந்த தட்டுகள், தாள்கள், குச்சிகள் அனைத்தையும் 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே அனுப்புங்கள். மேசையை 1% ஹைப்போகுளோரைட்டால் (ப்ளீச் கரைசல்) துடைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். மிச்சக் கடல்நீரையும் கொதிக்கவைத்த பிறகே கொட்டுங்கள்; தொட்டிச் செடிகளுக்கு ஊற்றினால் உப்பு அவற்றைக் கருக்கிவிடும்.